மர அலமாரி – ஒன்று

சபையின் ஆண்டு மலரில் அவரைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருக்கிறார்கள். "தொழிலில் நேர்மை, விசுவாசத்தில் உறுதி, குடும்பத்தில் அன்பு" என்று தலைப்பு. பக்கத்தில் அவர் படம், கழுத்துப் பித்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டையோடு. எழுதியவர் பொய் ஒன்றும் எழுதிவிடவில்லை. மூன்றும் உண்மைதான். அந்த மூன்று உண்மையும் ஒன்று சேர்ந்து ஒரு கிழவியை என்ன பாடு படுத்தின என்பதை மட்டும் விட்டுவிட்டார். பக்கத்தில் இடம் போதவில்லை போலிருக்கிறது. இங்கே இடம் இருக்கிறது, சொல்லிவிடலாம்.

அவர் ஒரு போதகரின் மகன். போதகர் வீட்டில் பிறந்தால் ஒரு வசதி உண்டு. எந்த ஊருக்கு மாற்றல் வந்தாலும் குடியிருக்க வீடு தயாராக இருக்கும். அந்த வீடு நம்முடையது இல்லை என்பதுதான் அதில் உள்ள சங்கடம். பையனுக்குப் பதினேழு வயது ஆவதற்குள் ஏழு வீடுகள் ஆகிவிட்டன. ஏழும் ஆலயத்தை ஒட்டி இருந்தன, ஏழும் சபைக்குச் சொந்தம். சாமான் இறக்கிக் கை கழுவுவதற்குள் கமிட்டியின் ஆள் நோட்டோடு வந்து நிற்பார். கட்டில் இரண்டு, நாற்காலி ஆறு, அதில் கால் ஆடுவது ஒன்று, கண்ணாடி ஒன்று என்று அறை அறையாக வாசித்துக்கொண்டு போவார். கடைசியில் போதகர் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது அதே நோட்டு திரும்ப வரும்.

கதவுக்குப் பின்னால் விதிகள் அச்சடித்த தாள் ஒன்று ஒட்டியிருக்கும். முதல் விதி, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அம்மா காலண்டரை நூல் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டி வைப்பாள். காற்று அடித்தால் காலண்டர் முறுக்கிக்கொண்டு முதுகைக் காட்டும். தேதி பார்க்க வேண்டுமென்றால் ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டும்.

அவர்களுக்கென்று இருந்த ஒரே பெரிய பொருள் அம்மாவின் மர அலமாரி. கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா செய்து கொடுத்தது. ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும், இரட்டைக் கதவு, லாரியில் ஏற்ற நான்கு பேர் வேண்டும். "உள்ள என்னம்மா வெச்சிருக்கீங்க, ஐயாவோட பிரசங்கத்தையா? இந்தக் கனம் கனக்குது!" என்று தூக்குகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் ஒரே கேலியைச் செய்வார்கள். அம்மாவும் முதல் தடவை கேட்பது போலவே சிரிப்பாள்.

பிள்ளைகள் வளர வளரச் சுவரில் கோடு போட்டு வைக்காத தாய் உண்டா? ஆணியே கூடாது என்கிற சுவரில் கோடு எங்கே போடுவது? அம்மா தன் அலமாரியைத் திறந்து, இடது கதவின் உட்புறத்தில் பிள்ளைகளைச் சாய்த்து நிறுத்தி, கத்தி நுனியால் கீறி வைத்தாள். பையனுக்கு ஒற்றைக் கீறல். அவனுக்கு நான்கு வயது இளைய தங்கைக்கு இரட்டைக் கீறல். அந்தத் தங்கையை எல்லாரும் குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். பிறந்தநாள் வந்தால் குட்டி குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். "பொய் உசரம் வேண்டாம்டி, காலைக் கீழ வை" என்று அம்மா உச்சந்தலையில் தட்டுவாள்.

ஐந்தாவது வீட்டில் குட்டிக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டாள். மண்மேட்டுக்கு ஒரு கல் வைப்பதற்குள் அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பிள்ளையைப் படம் பிடித்து வைக்கவில்லை. போதகர் வீட்டில் அதெல்லாம் வீண் ஆடம்பரம். ஆக, ஆறு வருஷம் ஓடியாடிய பிள்ளைக்கு இந்த உலகத்தில் மிஞ்சியது கதவில் ஐந்து இரட்டைக் கீறல்கள். அம்மா அழுது யாரும் பார்த்ததில்லை. போதகர் மனைவி அழுதால் சபையின் விசுவாசம் தளர்ந்துவிடுமாம். அவள் அலமாரியைத் திறந்து துணி அடுக்குவாள். அடுக்கிய துணியைக் கலைத்துவிட்டு மறுபடியும் அடுக்குவாள்.

ஏழாவது வீட்டில்தான் அந்தத் தப்பு நடந்தது. நோட்டுக்காரர் வருவதற்கு முன்பே லாரி வந்து, அலமாரி உள்ளறையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வந்தவர் புது ஆள். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். "மர அலமாரி – ஒன்று" என்றும் எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்த்தால் சபையார் மேல் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கொள்கை. வாழ்நாளில் எந்தப் பட்டியலையும் அவர் படித்ததில்லை, எல்லாவற்றிலும் கையெழுத்து இருக்கிறது. ஒரு வருஷம் கழித்து அம்மாதான் நோட்டில் அந்த வரியைப் பார்த்தாள்.

"நம்ம அலமாரியை எழுதி வெச்சிருக்காங்க. சொல்லி அந்த வரியை அடிக்கச் சொல்லுங்க."

"இதைப் போய் இப்பப் பேசினா அல்பமா இருக்கும். மாற்றல் வரும்போது சொல்லிக்கலாம்."

மாற்றல் வரவில்லை. அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. ஒரு வியாழக்கிழமை, ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்புத் தாளைத் தேடிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சபையில் நல்ல அடக்கம் செய்தார்கள். முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. முப்பதாம் நாள் காலை சபைச் செயலர் நோட்டோடு வந்தார். பெரிய ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர், அதிர்ந்து பேசாத மனிதர். சிலரிடம் அந்த மென்மைதான் கத்தி. கட்டில், நாற்காலி, கண்ணாடி என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு உள்ளறைக்கு வந்தார்.

"இது எங்க அப்பா எனக்குக் குடுத்ததுங்க" என்றாள் அம்மா.

"இருக்கலாம்மா. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா ஐயா கையெழுத்து இருக்கே. ஐயா பொய்யாவா கையெழுத்துப் போடுவாரு?"

அதற்கு என்ன பதில் இருக்கிறது? அலமாரி என்னுடையது என்றால் புருஷன் பொய்யர். புருஷன் பொய்யர் இல்லை என்றால் அலமாரி சபையுடையது. அம்மா துணிகளை எடுத்துத் தகரப் பெட்டியில் போட்டாள். இடது கதவைத் திறந்து, தேடுகிற பாவனையில் அந்தக் கீறல்களைக் கீழிருந்து மேலாக ஒரு தரம் தடவினாள். பதினேழு வயதுப் பையன் பக்கத்தில்தான் நின்றான். வாயைத் திறக்கவில்லை. வெளிக் கேட்டைத் தாண்டியதும் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைக்காவது அந்தக் கதவை வாங்கிக் குடுத்துடுப்பா. அலமாரி போனாப் போகட்டும். கதவு மட்டும் போதும்."

"வாங்கித் தரேம்மா."

வாக்குக் கொடுத்தவன் அதோடு சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு தெரு தள்ளி ஒரு தகரப் பெட்டிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். தகடு வெட்டினான், விளிம்பு மடித்தான், மூலைக்குத் திருகாணி முறுக்கினான், உள்ளங்கையெல்லாம் வெட்டுக் காயம். வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையின் சுவரில் முதல் நாளே ஓர் ஆணி அடித்து அம்மாவின் காலண்டரை மாட்டினான். எட்டு வருஷம் கழித்துச் சொந்தமாகப் பட்டறை போட்டான். பெட்டிக்குப் பதிலாக இரும்பு பீரோ. சொந்தப் பட்டறை போட்டவனை இன்னும் 'அவன்' என்றால் ஊர் ஒப்பாது. இனி அவர்.

அவர் பட்டறையில் ஒவ்வொரு பீரோவின் இடது கதவுக்குள்ளும் ஒரு எண் குத்தப்படும். அந்த எண்ணுக்கு நேராக வாங்கியவர் பெயர் பதிவேட்டில் ஏறும். எந்தக் காலத்திலும் எவனும் வந்து இது என்னுடையது என்று சொல்லிவிட முடியாது. வெல்டிங் போடுகிறவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. "முதலாளி வீட்டம்மா முதுகுல பாத்தீங்களா, அங்கயும் ஒரு நம்பர் இருக்கும்" என்று சிரிப்பார்கள். அவர் காதிலும் விழும். கண்டுகொள்ள மாட்டார். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். தபால்காரர் நீட்டுகிற துண்டுச் சீட்டைக்கூட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார்.

பொய் சொல்ல மாட்டார். கல்யாணத்துக்கு பீரோ கேட்டு வருகிறவர்களிடம், "அந்தத் தேதிக்குப் பெயிண்ட் காயாது, வேற இடம் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் பேச மாட்டார். போனில் ஒருவர் விலை கேட்டால்கூட, "நாளைக்குப் பேசலாங்க" என்று வைத்துவிடுவார். போனவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள், பட்டறை வளர்ந்தது. அவருடைய மனைவி ஒரு கணக்கு வாத்தியார் மகள், நறுக்கென்று பேசுகிறவள். "எங்க வீட்டுக்காரர் ரொம்ப நேர்மை. பக்கத்துல உக்காந்தா குளிரும்" என்பாள். ஆனால் அவளுக்கோ பிள்ளைகளுக்கோ அவர் ஒரு குறையும் வைத்ததில்லை. அம்மாவை வெயிலில் நடக்க விட்டதில்லை. சொந்த வீடு கட்டி, கிழக்கு ஜன்னல் உள்ள அறையை அம்மாவுக்கு ஒதுக்கி, பட்டறையிலேயே முதல்தரமான பீரோவை அவளுக்கென்று செய்து வைத்தார். அதற்கென்றே விட்டு வைத்திருந்த எண் ஒன்று.

அம்மா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா. கதவு என்னாச்சு?" என்றாள்.

நாற்பத்திரண்டாம் வயதில் அவரைச் சபைச் செயலராகத் தேர்ந்தெடுத்தார்கள். எந்த நோட்டு அவர்கள் குடும்பத்தை வெளியே அனுப்பியதோ, அந்த நோட்டு அவர் கைக்கு வந்தது. அம்மா அன்றைக்கு ஒரு சின்னப் பிள்ளை மாதிரி வீட்டுக்குள் நடமாடினாள். "இனி வந்துடும், இல்ல? உன் கையிலதானே இருக்கு" என்று மூன்று தடவை கேட்டாள். "அடுத்த கமிட்டியில பேசிடறேம்மா" என்றார் அவர்.

அப்போது அதை நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னார். கூட்டத்துக்கான பொருள் பட்டியலில் கடைசி வரியாக எழுதியும் வைத்தார். கூட்டம் முடியும் நேரத்தில் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். செயலர் தன் வீட்டுக்குத் தானே எழுதிக்கொண்டார் என்று நாலு பேர் பேசினால்? அதைவிட இன்னொன்று. கமிட்டி அறைச் சுவரில் அப்பாவின் படம் மாட்டியிருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே நின்று, எங்கள் அப்பா தப்பான பட்டியலில் கையெழுத்துப் போட்டார் என்று எப்படிச் சொல்வது? இதெல்லாம் அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். உள்ளே இருந்தது வேறு. "அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறான்" என்று சபை சொல்லும் அந்தச் சொல் அவருக்குத் தேன். அதில் ஒரு துளிகூடச் சிந்த அவருக்கு மனம் இல்லை. இதற்குப் பெயர் நேர்மை என்றால் பெருமைக்கு வேறு பெயர்தான் தேட வேண்டும்.

இருபத்து மூன்று வருஷம் செயலராக இருந்தார். நல்ல விதிகள் கொண்டுவந்தார். போதகர் குடும்பம் கொண்டுவருகிற சொந்தப் பொருட்களுக்குத் தனிப் பக்கம், அதில் போதகர் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர் போட்ட விதி. எல்லாரும் பாராட்டினார்கள். இனிமேல் எந்தப் போதகர் மனைவியும் தன் அலமாரியை இழக்க மாட்டாள். விதி போட்டவரின் அம்மாவைத் தவிர. அவள் அலமாரி பழைய பக்கத்தில் இருந்தது.

ஒவ்வொரு வருஷமும் போதகர் வீட்டுக்குப் போய்ப் பொருள் சரிபார்ப்பது செயலர் வேலை. உள்ளறையில் அலமாரி நிற்கும். யாரோ ஒருவரின் மனைவியின் சேலைகள் உள்ளே இருக்கும் என்பதால் கதவைத் திறப்பது மரியாதை இல்லை. அவர் வெளியிலேயே நின்று, "மர அலமாரி – ஒன்று" என்ற வரிக்கு எதிரே டிக் அடிப்பார். இருபத்து மூன்று டிக். வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பாள். "அடுத்த கமிட்டியில பேசிடறேம்மா."

அம்மாவுக்கு எண்பத்தைந்து ஆனபோது கண் இரண்டும் மங்கிவிட்டன. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. எதையும் விரலால் தடவித்தான் அறிவாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "குட்டி மூஞ்சி மறந்துபோச்சுப்பா. எவ்வளவு நினைச்சாலும் வர மாட்டேங்குது. அந்தக் கோடாவது கையில பட்டா வருமோ என்னவோ" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். அவர் பாதிச் சோற்றோடு எழுந்தார்.

கை கழுவ வந்த இடத்தில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கே போய் எடுத்துட்டு வாங்க. எல்லாருக்கும் தெரியும்படி சொல்லிட்டே எடுங்க. யாரு என்ன சொல்லப் போறா?"

"அப்படி எடுக்க முடியாது. சபைப் பொருள்."

"அத்தையோட பொருள்!"

"நோட்டுல அப்படி இல்லை."

"அப்ப உங்க நேர்மையை உங்க பீரோவுலயே வெச்சுப் பூட்டிக்குங்க. நம்பர் குத்த மறந்துடாதீங்க."

அன்றிரவெல்லாம் யோசித்து அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது. அம்மா பெயரில் போதகர் வீட்டுக்குப் புது பீரோக்கள் நான்கு இலவசமாகக் கொடுப்பது. புதுசு வந்தால் பழசு கழிவாகும். கழிவான பொருளை வெளியே கொடுக்கலாம். சபைக்கு நஷ்டம் இல்லை, அப்பா பெயருக்குப் பங்கம் இல்லை, அம்மாவுக்குக் கதவு. கமிட்டி கைதட்டி ஏற்றுக்கொண்டது.

ஆனால் கழித்த பொருளைப் பகிரங்க ஏலத்தில்தான் விட வேண்டும். அந்த ஏலத்தில் கமிட்டி உறுப்பினரோ அவர் குடும்பத்தாரோ கேட்கக் கூடாது. முன்பு ஒரு உறுப்பினர் ஆலயத்தின் பழைய ஜன்னல்களை வாரிக்கொண்டு போய்த் தன் கொட்டகைக்கு வைத்துவிட்டார் என்று இந்த விதியைக் கொண்டுவந்தவரும் நம் செயலர்தான். மனைவி தன் தம்பியை அனுப்பட்டுமா என்றாள். அது குடும்பம். பட்டறை ஆளை அனுப்பலாமே என்றாள். அது பினாமி. "அப்ப யாரைத்தான் அனுப்பறது, வானத்துல இருந்து தூதனையா?" என்றாள். அவர் ஏலம் முடிந்த பிறகு, எடுத்தவரிடம் போய் நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்வதாக முடிவு செய்தார். அது எந்த விதியிலும் குற்றம் இல்லை.

சனிக்கிழமை மதியம் ஆலய வளாகத்தில் ஏலம் நடந்தது. ஏறக்குறைய ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அலமாரி வெயிலுக்கு வந்தது. பழைய கட்டில்கள், பெஞ்சுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஊரில் பெரிய மரக்கடைக்காரர் ஒருவரே எடுத்தார். அலமாரியை வண்டியில் ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள். கதவு தானாகத் திறந்துகொள்ள, தூக்கியவர்களில் ஒருவன் கயிறு போட்டுக் கட்டினான். செயலர் பத்தடி தூரத்தில் கையில் பட்டியலோடு நின்றார். கமிட்டி முழுதும் பக்கத்தில் நின்றது. அப்போதே, அந்த இடத்திலேயே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பட்டியலில் டிக் அடித்தார்.

சாயங்காலம் மரக்கடைக்காரருக்குப் போன் செய்தார்.

"அந்த அலமாரியோட ரெண்டு கதவும் எனக்கு வேணும். தனியா எடுத்து வைங்க."

"உங்களுக்கு இல்லாததா முதலாளி! இப்பவே அனுப்பட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். திங்கட்கிழமை நானே வரேன்."

ஏலம் நடந்த அன்றைக்கே எடுத்தால் முன்கூட்டிப் பேசி வைத்தது மாதிரி இருக்கும். மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை அவர் வியாபாரம் பேசியதில்லை. எதற்காகக் கதவு என்று மரக்கடைக்காரரிடம் அவர் சொல்லவில்லை. வீட்டு விஷயத்தை மரக்கடையில் எதற்குப் பரப்புவது? வீட்டில் மட்டும் மனைவியிடம் சொன்னார். அவள் பொறுக்காமல் போய் அத்தையிடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அம்மா எல்லாப் பாட்டையும் ஒரு அடி முன்னால் பாடிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் மரக்கடையில் இருந்தார். மரக்கடைக்காரர் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். உள்ளே இரண்டு கதவுகளும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டும் புத்தம் புதுசாக, தேன் நிறத்தில், வழவழவென்று இருந்தன.

"எப்படி இருக்கு பாருங்க! பழைய மரம் பழைய மரம்தான். நீங்க கேட்டீங்கன்னதும் அப்படியே குடுக்க மனசு வரலை. ஞாயித்துக்கிழமைன்னு பாக்காம ஆளைக் கூப்பிட்டு இழைச்சு வெச்சேன்."

அவர் இடது கதவைத் திருப்பினார். உட்புறமும் வழவழவென்றுதான் இருந்தது.

"அந்தப் பக்கம்தான் முதலாளி ரொம்ப மோசம். எந்த வீட்டுப் பிள்ளை கத்தியை வெச்சு விளையாடிச்சோ, கீழ இருந்து மேல வரைக்கும் வெட்டு வெட்டா இருந்திச்சு. அதுக்காகவே ரெண்டு தரம் இழைக்க வேண்டியதாப் போச்சு."

"இழைச்ச சுருள் எங்க?"

"சுருளா?" மரக்கடைக்காரருக்குப் புரியவில்லை. "அதை டீக்கடைக்காரர் அடுப்புக்கு அள்ளிட்டுப் போயிட்டாரே. உங்களுக்கு எதுக்குங்க அது?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இங்கே தாழியை உடைத்தது யார்? மரக்கடைக்காரர் மேல் என்ன குற்றம்? அவர் மரியாதை செய்தார். செயலர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ரசீதை இரண்டு பக்கமும் திருப்பிப் படித்து, கையெழுத்துப் போட்டார். அந்த நேரத்திலும் படித்தார். பழகின கை. பிறகு மரக்கடைக்காரருக்கு நன்றி சொன்னார்.

வீட்டு முன்னறையில் அம்மா குளித்து, துவைத்த வெள்ளைச் சேலை கட்டி, எட்டு மணியிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்துகொள்ளப் பார்த்தாள். மனைவி வாசலுக்கு வந்து கதவைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் நறுக்கென்று எதுவும் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான்.

அவர் இடது கதவைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவின் முன்னால் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். அம்மா நாற்காலியிலிருந்து குனிந்து, கீழே முழங்கால் உயரத்தில் விரலை வைத்தாள். எங்கே தொடங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. விரல் மேலே போயிற்று. நின்றது. திரும்பக் கீழே வந்து இன்னும் மெதுவாக மேலே போயிற்று. பிறகு இரண்டு கையாலும் பலகை முழுவதையும், ஓரம்வரை, தடவினாள்.

"நல்ல மரமா இருக்கு" என்றாள். "வழவழன்னு இருக்கு. இதுல குட்டி இல்லையேப்பா."

அம்மாவுக்கு முன்னால் அவர் ஏது, இவர் ஏது? அவன் பதினேழு வயதில் அந்த அலமாரிக்குப் பக்கத்தில் நின்றது போலவே நின்றான். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். அறுபது வருஷத்தில் எத்தனையோ பேரிடம் தயங்காமல் சொன்ன உண்மை, அவளிடம் சொல்ல வரவில்லை.

"மாத்திக் குடுத்துட்டாங்கம்மா. இது வேற. உன்னோடது இன்னும் போதகர் வீட்டுலதான் இருக்கு. அடுத்த கமிட்டியில பேசிடறேன்."

"அப்படியா" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் அந்தப் பலகையின் மேலேயே கை இருந்தது. "சரி, பேசு. நீ சொன்னா செய்வே, உங்க அப்பா மாதிரி. உனக்குப் பொய் வராது."

பிறகு கையை எடுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் காற்றில் நிறுத்தினாள், ஒரு பிள்ளையின் தலைமேல் வைத்திருப்பது போல.

"கடைசிக் கோடு இந்த உசரம் இருக்கும், இல்லப்பா?"

அவனுக்குத் தெரியவில்லை. இருபத்து மூன்று வருஷம் அந்த அலமாரிக்கு எதிரே டிக் அடித்தவன், ஒரு நாளும் கதவைத் திறந்து பார்த்ததில்லை.

"ஆமாம்மா" என்றான்.